ஆர்த்தோ வார்டு போஸ்டிங்: எலும்பு, தசை, மூட்டுப் பரிசோதனையில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி இதுதான். பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், ஹெல்த் அசெஸ்மென்ட் பாடத்தில் எலும்பு, தசை, மூட்டுப் பகுதியைப் படித்துவிட்டு ஆர்த்தோ வார்டுக்குப் போகிறார். புத்தகத்தில் தாடை மூட்டு முதல் கால் விரல் வரை பார்த்தல், தொடுதல், அசைத்தல், அளத்தல் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வார்டில் ஒரு நோயாளியிடம் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. எதை முதலில் பார்ப்பது, தசை வலிமைக்கு 3 போடுவதா 4 போடுவதா, பெயர் வைத்த டெஸ்ட்களில் எத்தனையை மனப்பாடம் செய்வது என்று மூன்றாகக் கேட்கிறார்.

எனக்கு ஆர்த்தோ வார்டிலும் பிறகு வகுப்பறையிலும் அனுபவம் உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன். என்ன நோய் என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. நர்ஸ் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு. அடிபட்ட இடத்துக்குக் கீழே ரத்தமும் நரம்பும் சரியாக இருக்கின்றனவா? இந்த மனிதர் தன் வேலையைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார்? முதலாவதைக் கவனிக்கத் தவறினால் கையோ காலோ போய்விடும். இரண்டாவதைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போன மறுநாளே பாத்ரூமில் விழுந்து திரும்பி வருவார். புத்தகத்தில் இருக்கும் மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குப் பின்னால்தான்.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது 24 மணி நேரமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. டாக்டர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ரவுண்ட்ஸ் வருவார். மாவுக்கட்டுப் போட்ட கால் இரவு இரண்டு மணிக்கு வீங்கினால் பார்ப்பதற்கு நர்ஸ் மட்டும்தான். எலும்பு முறிவு, கட்டு, டிராக்ஷன் (எடை கட்டிக் காலை இழுத்து வைப்பது), ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் முதல் 24 மணி நேரம் மணிக்கு ஒருமுறை பார்ப்பது பொதுவான வழக்கம். அதற்கு மேல் உங்கள் மருத்துவமனை நெறிமுறைப்படி.

வலி, வெளுப்பு, மரமரப்பு, செயலிழப்பு, நாடி இல்லாமை, சில்லென்று இருப்பது என்று ஆறு அறிகுறிகளை ஆங்கிலத்தில் ஆறு 'பி' என மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆறும் ஒரே வரிசையில் நிற்பதால் ஆறுக்கும் ஒரே எடை என்று தோன்றிவிடும். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமில், அதாவது தசை இருக்கும் அறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும்போது, முதலில் வருவது வலி. நாடி போவது கடைசி. அதற்காகக் காத்திருந்தால் தசை ஏற்கெனவே செத்திருக்கும்.

காரணம் புரிந்தால் இது மறக்காது. முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் ஃபேசியா என்ற உறைக்குள் நான்கு அறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்த உறை விரியாது. எலும்பு முறிந்து உள்ளே ரத்தமும் வீக்கமும் சேரும்போது அழுத்தம் ஏறுகிறது, அது முதலில் நசுக்குவது தசைக்குள் ஓடும் மிகச் சிறிய நாளங்களை. உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் நோயாளியின் டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் (பி.பி.யின் கீழ் எண்) இடைவெளி 30 mmHg-க்குள் வந்தாலே தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்காது. அதாவது டயஸ்டாலிக் 70 இருப்பவருக்கு உள்ளே 40 ஏறினாலே ஆபத்து. அந்த நேரத்திலும் சிஸ்டாலிக் 120-ல் ஓடும் பெரிய தமனியில் நாடி அழகாகத் துடித்துக்கொண்டிருக்கும், விரல்கூட இளஞ்சிவப்பாகவே இருக்கும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது என்று நிம்மதி அடைவதும் இதே தப்புதான்.

அதனால் கேட்க வேண்டியது வலியைப் பற்றி. காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, ஊசி போட்டும் அடங்காத வலி, நேரம் போகப் போகக் கூடும் வலி. அடுத்து, கால் விரல்களை நீங்களே பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். கெண்டைக்காலில் சுரீரென்று வலித்துக் கத்தினால் அது முக்கியமான அறிகுறி. "இவர் சும்மா சும்மா கூப்பிடுகிறார்" என்று வார்டில் பெயர் வாங்கிய நோயாளியிடம்தான் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தால் இறக்கி இதயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏனென்றால் உயர்த்தினால் இருக்கிற ரத்த ஓட்டமும் குறையும். ஐஸ் வேண்டாம். கட்டைத் தளர்த்தவும் மாவுக்கட்டைப் பிளக்கவும் உத்தரவு வாங்குங்கள். பிளப்பதென்றால் மாவை மட்டும் பிளந்தால் போதாது, உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும் வரை வெட்ட வேண்டும். ரத்தமில்லாமல் ஏறக்குறைய 6 மணி நேரம் போனால் தசை மீளாது. டாக்டருக்குச் சொன்ன நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள்.

நரம்பைப் பார்ப்பதற்கு "விரலை ஆட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது போதாது, ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனி வேலை உண்டு. கையில், மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கச் சொன்னால் ரேடியல் நரம்பு, விரல்களை விசிறிபோல் விரிக்கச் சொன்னால் அல்நார் நரம்பு, கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடச் சொன்னால் மீடியன் நரம்பு. உணர்ச்சிக்குப் புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட இடம் ரேடியல், சுண்டுவிரல் நுனி அல்நார், ஆள்காட்டி விரல் நுனி மீடியன். காலில், பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்குவது பெரோனியல் நரம்பு, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொட்டால் தெரிகிறதா என்பதும் அதற்கே. பாதத்தைக் கீழே அழுத்துவதும் உள்ளங்காலின் உணர்ச்சியும் டிபியல் நரம்பு.

பெரோனியல் நரம்பைத் தனியாக நினைவில் வையுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் கை வைத்தால் ஒரு எலும்பு முண்டு தெரியும், அது ஃபிபுலாவின் தலை. அதற்குக் கீழே எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே இந்த நரம்பு ஓடுகிறது. கால் வெளிப்பக்கம் சாய்ந்து டிராக்ஷன் ஸ்பிளின்டின் கம்பியில் அழுந்திக் கிடந்தாலே பாதம் தொங்கிப்போகும். முறிவு சரியாகி, பாதம் மட்டும் தூக்க வராமல் வீட்டுக்குப் போவது தவிர்க்கக்கூடிய கொடுமை. அந்த இடத்தில் அழுத்தம் இல்லாமல் பஞ்சு வைப்பதும் கால் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதும் முழுக்க நர்ஸிங் வேலை.

ரத்த ஓட்டத்துக்கு நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள், அதிகபட்சம் 3 நொடிக்குள், நிறம் திரும்ப வேண்டும். நம் ஊரில் இதற்கு இரண்டு தடை வரும்: மருதாணியும் நெயில் பாலிஷும். பாலிஷை அழித்துவிடலாம், மருதாணிக்கு விரல் நுனியின் சதைப்பகுதியை அழுத்திப் பாருங்கள். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் வெளுப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. மறு காலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அடுத்தது மெட்டி, மோதிரம், வளையல், காலில் கட்டிய கறுப்புக் கயிறு. வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். மெட்டியைக் கழற்ற அம்மாக்கள் சம்மதிக்க மாட்டார்கள். "வீங்கினால் விரல் இறுகிவிடும்மா, வீக்கம் வடிந்ததும் போட்டுக்கலாம்" என்று வீட்டார் முன்னிலையில் சொல்லி, கழற்றியதை அவர்கள் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாதத்தின் மேல்பக்க நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது. அதனால் மறு காலிலும் பார்த்து, உள் கணுக்காலுக்குப் பின்னால் உள்ள நாடியையும் பாருங்கள். கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த டூட்டி சிஸ்டர் உங்களை வாழ்த்துவார்.

தப்பை வைத்த நாட்டுக்கட்டோடு வருபவர்களையும் பார்ப்பீர்கள். அங்கே ஏன் போனீர்கள் என்று திட்டுவதால் பயனில்லை. எப்போது கட்டியது, கட்டிய பிறகு வலி கூடியதா குறைந்ததா, விரல் எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, மேலே சொன்ன அதே சோதனையை உடனே செய்யுங்கள். குழந்தைக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறிந்து இறுக்கமாகக் கட்டியிருந்தால் கூடுதல் அவசரம். அந்த இடத்தில் எலும்புக்கு முன்னால்தான் பிரேக்கியல் தமனி ஓடுகிறது, முன்கைத் தசை சுருங்கி விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் வோக்மன் காண்ட்ராக்சர் இப்படித்தான் வருகிறது. அழுகிற பிள்ளையிடம் நரம்பைப் பார்க்க "கல், காகிதம், கத்தரி" விளையாடுங்கள். கல் மீடியன், காகிதம் ரேடியல், கத்தரி அல்நார்.

தொடை எலும்பு முறிந்தவரிடம் காலை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். ஒரு தொடை எலும்பு முறிவில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் உள்ளேயே இழக்க முடியும், வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. இடுப்பெலும்பில் இன்னும் அதிகம். நாடி வேகம், ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு மூன்றும் ஆர்த்தோ வார்டிலும் தேவை. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் திடீரென்று மூச்சு வாங்கி, ஆள் குழம்பிப் பேசி, நெஞ்சிலும் அக்குளிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் வந்தால் ஃபேட் எம்போலிசத்தை (எலும்பிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து நாளங்களை அடைப்பது) நினையுங்கள். புள்ளிகள் எல்லோருக்கும் வராது, குழப்பமும் மூச்சு வாங்கலும்தான் முந்தி வரும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம்: இவரால் என்ன செய்ய முடிகிறது?

1992-ல் பிரிட்டனில் கால்ஸ் (GALS) என்றொரு சுருக்கமான சோதனை முறை வந்தது. நடை, கைகள், கால்கள், முதுகெலும்பு இவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெயர். அது மூன்று கேள்விகளில் தொடங்கும். தசையிலோ மூட்டிலோ முதுகிலோ வலி, இறுக்கம் உண்டா? சிரமமில்லாமல் தானே முழுக்க உடுத்திக்கொள்ள முடிகிறதா? மாடிப்படி ஏறி இறங்க முடிகிறதா? நான் நம் நோயாளிகளுக்காக இன்னும் சில சேர்த்துக்கொள்வேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? வீட்டில் என்ன டாய்லெட், குந்தி உட்காருவதா, வெஸ்டர்னா? டவுன் பஸ் படியில் ஏற முடிகிறதா? புத்தகத்தில் முழங்கால் மடங்கும் அளவு 130 டிகிரி அல்லது 135 என்று இருக்கும். குந்தி உட்கார அதற்கும் மேல் மடங்க வேண்டும். ஆகவே 120 டிகிரி மடங்கும் முழங்கால் அட்டவணைப்படி சுமாராகவே தெரியும், ஆனால் இந்திய டாய்லெட் மட்டுமே உள்ள வீட்டில் அந்த அம்மாவுக்கு அது பெரிய கஷ்டம். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனில் பின்பக்கமாகத் திறந்திருந்தால், 90 டிகிரிக்கு மேல் இடுப்பை மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது என்பார்கள். டாய்லெட் எது என்று அட்மிஷன் அன்றே கேட்கவில்லையென்றால் இந்த அறிவுரைக்கு அர்த்தமே இல்லை.

அசைவு வீச்சையும் இப்படியே அன்றாட வேலைகளில் பார்த்துவிடலாம். தலை வாரச் சொன்னால் தோளை உயர்த்துவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் தெரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் கை கொண்டுபோய் உள்பாடி கொக்கி மாட்டுவதுபோல் காட்டச் சொன்னால் உள்பக்கம் திருப்புவது தெரியும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது முழங்கை, மணிக்கட்டு, விரல் பிடி மூன்றையும் சேர்த்தே காட்டும். எங்கே குறைகிறதோ அங்கே மட்டும் மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை எடுத்தால் போதும். முதலில் அவராகவே அசைக்கட்டும், பிறகு தேவைப்பட்டால் நீங்கள் அசைத்துப் பாருங்கள். தானாக வராமல் நீங்கள் அசைத்தால் வருகிறது என்றால் தசை, டெண்டன் (தசைநாண்) அல்லது நரம்பில் கோளாறு. இரண்டிலும் வரவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கிறது. முறிவு சந்தேகம் உள்ள இடத்திலும் கழுத்து, முதுகுத்தண்டில் அடிபட்டிருக்கலாம் என்ற நிலையிலும் நீங்கள் அசைக்கவே கூடாது. முறிந்த எலும்பு உரசும் சத்தத்தைக் கேட்பதற்காக அசைப்பது குற்றம் என்றே சொல்வேன்.

வயதானவர்களுக்கு ஒரு நாற்காலியும் 3 மீட்டர் இடமும் இருந்தால் போதும். எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. நேரத்தைவிட எனக்கு முக்கியம் அவர் எப்படி எழுகிறார், திரும்பும்போது எத்தனை அடி வைக்கிறார், எதைப் பிடிக்கத் தேடுகிறார் என்பது. பாத்ரூமில் விழுந்த பாட்டியின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கையே வைக்காதீர்கள், பார்த்ததை எழுதினால் போதும். சில முறிவுகளில் எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு காலில் எந்த மாற்றமும் தெரியாது, ஆள் நடக்கவும் செய்வார். "நடக்கிறாரே" என்று விட்டுவிட வேண்டாம்.

மூட்டுவலி கேஸ்களில் கேள்விதான் பாதிப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் விரல் மடங்குகிறதா, எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்று கேளுங்கள். மணி பார்த்துச் சொல்ல மாட்டார்கள். "காபி போடும்போதே சரியாகிடுமா, இல்லை சமையல் முடியும் வரை இருக்குமா?" என்றால் பதில் உடனே வரும். அரை மணிக்குள் விடுவது தேய்மானம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது ருமட்டாய்டு (மூட்டு அழற்சி நோய்) பக்கம். கையைப் பார்த்தாலும் தெரியும். நகத்தை ஒட்டிய கணு முடிச்சாகப் பருத்திருந்தால் ஹெபர்டன் கணு, தேய்மானத்தின் அடையாளம். ருமட்டாய்டு அந்தக் கணுவைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, விரலின் அடி மூட்டையும் நடு மூட்டையும் இரு கையிலும் பிடிக்கும்.

மூன்று விஷயங்கள் காதில் விழுந்தால் கேள்வியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரே மூட்டு சிவந்து, கொதித்து, காய்ச்சலோடு வருவது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். முதுகுவலியோடு சிறுநீர் வராமல் நின்று, உட்காரும் இடம் மரத்துப்போவது முதுகுத்தண்டின் அடிநரம்புகள் நசுங்குவது. இவை இரண்டிலும் மணி நேரங்கள் முக்கியம். மூன்றாவது, மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் எழுப்பும் முதுகுவலி. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும், அது இளம் வயதினருக்கும் வரும்.

இனி தசை வலிமைக்கு 3 போடுவதா 4 போடுவதா என்ற குழப்பம். இந்த 0 முதல் 5 வரையான அளவுகோல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நரம்புக் காயம் பட்டவர்களுக்காகப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அசைவே இல்லை என்றால் 0. தசை துடிப்பது மட்டும் தெரிந்தால் 1. புவியீர்ப்பு இல்லாத நிலையில் அசைந்தால் 2. புவியீர்ப்பை மீறித் தூக்கினால் 3. நீங்கள் கொடுக்கும் எதிர்ப்பையும் ஓரளவு தாங்கினால் 4. முழு எதிர்ப்பையும் தாங்கினால் 5. இதில் 3 என்ற எண்தான் நடுக்கம்பம். முதலில் கையை வைக்காமல் தூக்கச் சொல்லுங்கள். முழு வீச்சுக்கும் தூக்கினால் குறைந்தது 3 உறுதி. அதன் பிறகே எதிர்த்து அழுத்துங்கள். சிறிது அழுத்தியதும் விழுந்தால் 3, தாங்கித் தளர்ந்தால் 4. தூக்கவே வரவில்லை என்றால் புவியீர்ப்பை நீக்குங்கள். முழங்கை மடக்குவதற்குக் கையை மேஜை மேல் படுக்கவைத்துச் சறுக்கச் சொல்லலாம், முழங்காலுக்கு ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். சில புத்தகங்கள் 5 என்றால் 100 சதவீதம், 3 என்றால் 50 சதவீதம் என்று போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். 4 என்பது மிக அகலமான எண், கொஞ்சம் பலவீனமும் நிறையப் பலவீனமும் இரண்டும் அதற்குள் வந்துவிடும். அதனால் எண்ணோடு ஒரு வரியும் எழுதுங்கள்: "வலது முழங்கால் நீட்டல் 4, இடது 5, வலியால் முழு முயற்சி இல்லை." வலியால் தயங்குவதும் பலவீனமும் வேறு வேறு. வைவாவில் இதைச் சொன்னால் எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார்.

எழுதும்போது "நார்மல்" என்ற ஒரு சொல்லோடு முடிக்காதீர்கள். நிறம், சூடு, நிறம் திரும்பும் நொடி, நாடி, அசைவு, உணர்ச்சி, வலியின் எண், மறு பக்கத்தோடு ஒப்பீடு, நேரம். இவ்வளவும் இரண்டு வரியில் அடங்கிவிடும்.

கடைசியாகப் பெயர் வைத்த டெஸ்ட்கள். தேர்வுக்கு ஆறேழு போதும். மணிக்கட்டை மடக்கிப் புறங்கைகளை ஒட்டி 60 நொடி வைத்தால் மரமரப்பு வருவது ஃபேலன். மணிக்கட்டின் உள்பக்கம் தட்டினால் சுரீரென்று விரலுக்கு ஓடுவது டினெல். இரண்டும் கார்ப்பல் டனலுக்கு, அதாவது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவதற்கு. முழங்காலில் நீர் கொஞ்சம் என்றால் பல்ஜ் சைன், நிறைய என்றால் பட்டெல்லா டேப். மல்லாந்து படுத்து நேராகக் காலைத் தூக்கும்போது 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முழங்காலுக்குக் கீழே ஓடினால் முதுகுத் தட்டு (டிஸ்க்) நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகம். பள்ளி ஹெல்த் கேம்ப்பில் பிள்ளைகளை முன்னால் குனியவைத்து முதுகின் ஒரு பக்கம் மேடாகிறதா என்று பார்ப்பது ஆடம்ஸ், முதுகு பக்கவாட்டில் வளைவதற்கு. ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய பக்கம் இடுப்பு சரிந்தால் ட்ரெண்டலன்பர்க், கோளாறு நிற்கிற காலின் பக்கம். முழங்கால் லிகமென்ட், மெனிஸ்கஸ் டெஸ்ட்களை டாக்டரும் பிசியோவும் செய்யட்டும், எதற்கு என்று தெரிந்தால் போதும்.

ஹோமன்ஸ் சைன் மட்டும் வேண்டாம். காலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று அறிய, பாதத்தை மேலே மடக்கிக் கெண்டைக்காலில் வலிக்கிறதா என்று பார்ப்பது. பழைய நோட்ஸில் இன்னும் இருக்கிறது. ரத்தக்கட்டி இருந்தும் வலிக்காமல் போகும், இல்லாமலும் வலிக்கும். அதற்குப் பதில் ஒரு டேப் எடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தெரியும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலின் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். 1 செ.மீ. வரை வித்தியாசம் சாதாரணம். 3 செ.மீ.க்கு மேல் என்றால் அந்தக் காலைத் தேய்த்துவிடாமல் டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்.